எந்தத் தேதியில் சுதந்திரம்?

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு சேரியில் இரவுப்பள்ளி நடத்துகிறோம். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சமுதாயக்கூடம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற ஒரு கட்டடம், இரண்டு டியூப்லைட், ஒரு கிழிந்த தார்ப்பாய். இருபது முப்பது பிள்ளைகள் வரும். நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இயக்கம், கூட்டம், மனு, போஸ்டர் என்று திரிகிறவன். சமூக அறிவியல் எடுக்க ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரட்சி. பாஸ்டன் தேநீர் விருந்து 1773. சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4. பாரிஸ் உடன்படிக்கை 1783. பரீட்சைக்கு இது போதும் என்று தேதிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு பொண்ணு எழுந்து கேட்டுச்சி: "அண்ணா, அங்க கறுப்பு ஜனங்களை அடிமையா வெச்சிருந்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு எந்தத் தேதிண்ணா?"

1865 என்றேன். அது விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. "அப்ப எம்பத்தொம்போது வருசம் கழிச்சா? அப்ப ஜூலை நாலு யாருக்கு?"

கரண்டு போனதைச் சாக்காக வைத்து அன்றைக்கு வகுப்பை முடித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. தேதிகளை நான் எழுதிய விதமே தப்பு என்று பட்டது. ஒரு நாட்டின் சுதந்திரத்துக்கு ஒரே தேதி என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பொண்ணுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தேயிலை விவகாரம். 1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் உலகம் முழுக்கச் சண்டை போட்டன. நம் வந்தவாசியில் 1760இல் நடந்ததும் அந்தச் சண்டையின் ஒரு துண்டுதான். சண்டையில் ஜெயித்த இங்கிலாந்துக்குக் கடன் கழுத்தை நெரித்தது. அமெரிக்காவில் குடியேறியிருந்த தன் ஆட்களின் தலையில் அதைக் கட்டியது. 1765இல் முத்திரைத்தாள் வரி. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுவருஷம் வாபஸ். 1767இல் வேறு வரிகள். எங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள் மேல் வரி போட முடியாது என்றார்கள் குடியேறிகள். நியாயமான பேச்சுதான்.

1773இல் கடலில் கொட்டினார்களே 342 பெட்டித் தேயிலை, அது யாருடையது? நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1770இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் கம்பெனி வரி வசூலித்தது. அதற்குப் பின் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதைக் கைதூக்கிவிடத்தான் தேயிலைச் சட்டம். பெனிசில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் அப்போதே ஒரு துண்டறிக்கையில், ஆசியாவில் ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொன்ற கம்பெனி இப்போது நம் மேல் பாய வருகிறது என்று எழுதினார். ஆக, வங்காளத்துச் சாவு பாஸ்டனில் தெரிந்திருந்தது. தங்கள் வீட்டுக் கொல்லையில் வேலை செய்த கறுப்பர்களின் நிலைதான் பலருக்குக் கண்ணில் படவில்லை. தேயிலை கொட்டப்போனவர்கள் மோஹாக் பழங்குடி வேஷம் போட்டுக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறித்தது அவர்கள் நிலத்தை. மாட்டிக்கொண்டதும் அவர்கள் வேஷத்தை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குடியேறிகளின் எழுத்தில் அதிகம் புழங்கிய வார்த்தைகளில் ஒன்று 'அடிமைத்தனம்'. வரி கட்டுவது அடிமைத்தனம். தேயிலை வாங்குவது அடிமைத்தனம். 1774இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நாம் இப்போது எதிர்க்காவிட்டால் நாம் இஷ்டம்போல ஆண்டுவருகிற கறுப்பர்களைப் போல நாமும் ஆகிவிடுவோம் என்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடிமை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தவர், அடிமைகளை வைத்திருந்தவர். அதனால்தான் அந்தப் பயம் அவ்வளவு உண்மையாக இருந்தது. ஊர்த்தெருவில் யாராவது கோபம் வந்தால், என்னை என்ன சேரிக்காரன்னு நெனச்சியா என்று கத்துவார்களே, அந்தக் கத்தல்தான் இது.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் ஆயுளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். பிரகடனத்தின் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. பழி முழுவதும் இங்கிலாந்து ராஜா மேல் போடப்பட்டிருந்தது, அது வேறு. அந்தப் பத்தியைக்கூட நீக்கிவிட்டார்கள். தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜெஃபர்சனே பின்னால் எழுதினார். பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசிய வரி மட்டும் நீக்கப்படாமல் தங்கிவிட்டது.

இந்த இடத்தில் நம் பாடப்புத்தகங்கள் நேரே யுத்தத்துக்குப் போய்விடும். நாம் ஓடிப்போனவர்கள் பக்கம் போவோம். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார். கலகக்காரர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை. மனித நேயத்தால் செய்ததல்ல, எதிரியின் வேலையாட்களை இழுக்கும் தந்திரம். கறுப்பர்களுக்கும் இது தெரியும். இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனார்கள். வாஷிங்டன் பண்ணையிலிருந்து ஓடிய ஹாரி வாஷிங்டன் என்பவர் ஆங்கிலேயரிடம் சேர்ந்து, பிறகு நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன் போய், 1800இல் அங்கும் வரி கேட்ட வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு எதிராகக் கலகத்தில் நின்றார். எஜமான் பேரையே பேருக்குப் பின்னால் சுமந்துகொண்டு எஜமானை எதிர்த்தவர். எதிர்த்தரப்பிலும் கறுப்பர்கள் இருந்தார்கள். 1770இல் பாஸ்டனில் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டதில் முதலில் விழுந்தவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். வாஷிங்டனின் படையிலும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். எவன் விடுதலை தருவானோ அவன் பக்கம், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து ஆங்கிலேயர் நியூயார்க்கைக் காலி செய்தபோது சுமார் 3,000 கறுப்பர்களின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதிக் கப்பலேற்றினார்கள். பெயர், வயது, முன்பு யாருடைய அடிமை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. 1783 மே மாதம் வாஷிங்டன் ஆங்கிலத் தளபதி கார்ல்டனை நேரில் சந்தித்துப் பேசிய விஷயங்களில் ஒன்று, எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது. சொத்து என்றது இந்த ஜனங்களைத்தான். கார்ல்டன் மறுத்துவிட்டார்.

தேசபக்தர் கணக்கில் இந்த 3,000 பேரும் துரோகிகள். இதை எழுதும்போது எனக்கு நம்மவர்கள் ஞாபகம் வராமல் இருக்க முடியவில்லை. சைமன் கமிஷன் முன் சாட்சி சொன்னதற்காக, வட்டமேஜை மாநாட்டுக்குப் போனதற்காக, வெள்ளைக்காரனின் ஆள் என்று அம்பேத்கரையும் இரட்டைமலை சீனிவாசனையும் ஏசினார்கள். 1997இல்கூட அம்பேத்கரை அப்படிச் சித்திரித்து ஒரு தடித்த புத்தகம் வந்தது. வீட்டுக்குள் கட்டிப்போட்டு வைத்திருப்பவன், சன்னல் வழியே வெளியாளிடம் ஏன் பேசினாய் என்று கேட்கிற கதை.

இனி நம் ஊருக்கு வருவோம். சங்கராபுரம் இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019க்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன் தென்னார்க்காடு. தென்னார்க்காட்டுக்குத் தலைநகர் கடலூர். அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தின் கடைசிப் பெருஞ்சண்டை அந்தக் கடலூரில் நடந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது. 1777இல் சரடோகாவில் அமெரிக்கர்கள் ஜெயித்ததும், 1778இல் பிரான்ஸ் அவர்கள் பக்கம் சேர்ந்தது. உடனே ஆங்கிலேயர் இங்கே பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப்படை கடலூரை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று கடலில் சஃப்ரென், ஹியூஸ் ஆகியோரின் கப்பல் படைகள் மோதின. ஆனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பூர்வாங்க ஒப்பந்தம் ஜனவரியிலேயே ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டிருந்தது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசியாகிவிட்டது. முடிந்துபோன யுத்தத்துக்காக நம் மண்ணில் ஆட்கள் செத்தார்கள். அந்தக் காலத்து மதராஸ் பட்டாளத்தில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். 1780இல் தொடங்கிய பயனியர் கம்பெனிகளில் மண் வெட்டியதும் பாதை போட்டதும் நம்மவர்கள்தான். பாஸ்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் அந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டவர்கள்.

இன்னொரு ஆள் இருக்கிறார், கார்ன்வாலிஸ். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி. உடம்பு சரியில்லை என்று சொல்லி வாளைக் கொடுக்கக்கூட வேறொருவரை அனுப்பினார். அவர் படையை நம்பி வந்த கறுப்பர்கள் அம்மை கண்டு, சோறு இல்லாமல், முற்றுகைக்கு நடுவில் வெளியே துரத்தப்பட்டுச் செத்தார்கள். இந்த மனிதர் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்குகிறார். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலையும் சேலத்தையும் வாங்குகிறார். 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரி ஏற்பாடு. வரி வசூலித்தவன் நிலத்துக்கு உடைமையாளன் ஆனான், உழுதவன் குடியாளானான். 1802இல் மதராஸ் மாகாணத்துக்கும் அதே ஏற்பாடு வந்தது. எங்கெல்லாம் அது நிலைக்கவில்லையோ அங்கெல்லாம் ரயத்துவாரி. அதிலும் பட்டா சாதிக்காரன் பெயரில்தான் எழுதப்பட்டது. அமெரிக்காவைக் கைவிட்டவர் இங்கே வந்து உடைமைக்காரர்களை உற்பத்தி செய்தார் என்று சொல்வது மிகையாகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, அங்கே ஜெயித்தவர்கள் எப்படி அரசாங்கம் அமைத்தார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் தோழர்கள் பலர் இதை ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள்.

பதின்மூன்று மாகாணங்களும் முதலில் ஒரு தளர்வான கூட்டாக இருந்தன. 1781இல் அமலுக்கு வந்த அந்த ஏற்பாட்டில் மத்தியில் இருந்த காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. சண்டை போட்ட சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கவே காசு இல்லை. 1786இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய குடியானவர்கள், அவர்களில் பலர் யுத்தத்தில் நின்றவர்கள், ஷேய்ஸ் என்பவர் தலைமையில் கோர்ட்டுகளை முற்றுகையிட்டார்கள். உடைமைக்காரர்களுக்கு உதறல் எடுத்தது. 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். மொத்தம் 55 பேர். கதவு சாத்தி, ரகசியமாக, செப்டம்பர் 17 வரை பேசினார்கள். பெண் இல்லை, கறுப்பர் இல்லை, பூர்வகுடி இல்லை.

அவர்கள் செய்தது சாதாரண வேலை அல்ல. ராஜா இல்லாத ஒரு பெரிய நாட்டை ஒரே ஒரு எழுத்து ஆவணத்தால் நடத்த முடியும் என்று காட்டினார்கள். சட்டம் செய்ய ஒரு மன்றம், நடத்த ஒரு ஜனாதிபதி, தீர்ப்பு சொல்ல ஒரு கோர்ட்டு. ஒன்றை ஒன்று தடுக்கும்படி பின்னிய கயிறு. 1788இல் போதுமான மாகாணங்கள் ஒப்புக்கொண்டன. 1789இல் வாஷிங்டன் பதவியேற்றார். 1791இல் பேச்சு, மதம், கூட்டம் கூடுவது முதலான உரிமைகளுக்கான பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன.

ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கீழ்ச்சபையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஜனத்தொகைப்படி இடம், மேல்சபையில் எல்லாருக்கும் இரண்டிரண்டு என்று முடிவானது. ஜனத்தொகை என்றால் யாரை எண்ணுவது? தென்மாகாணத்தார், எங்கள் அடிமைகளையும் எண்ணுங்கள் என்றார்கள். விற்கும்போது மாடு, எண்ணும்போது மனிதனா? வடக்கத்தியார் ஒருவர், அப்படியானால் எங்கள் குதிரையையும் மாட்டையும் ஏன் எண்ணக்கூடாது என்று கேட்டார். அவரும் கறுப்பர்களுக்காகப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் பேரம் படிந்தது. ஐந்து அடிமைகளை மூன்று ஆளாக எண்ணுவது. ஓட்டு? ஒன்றுகூடக் கிடையாது. அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கக்கூடாது, ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அடிமை என்ற வார்த்தை மட்டும் அந்த ஆவணத்தில் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நபர்கள் என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். நம் ஊரில் கலவரம் நடந்தால் பேப்பரில், ஒரு பிரிவினர், இன்னொரு பிரிவினர் என்று போடுவார்களே, அதுபோல.

இதைப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கினேன். ஊரில் நூறு வீடு, சேரியில் நூறு வீடு. ரேஷன் கடை வேண்டும் என்று மனு கொடுக்கும்போது நம் தலையையும் சேர்த்து எண்ணுகிறார்கள். கடை வந்ததும் அதை ஊர்த்தெருவில் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கின் விளைவு சின்னதல்ல. 1790இல் எடுத்த முதல் ஜனக்கணக்கில் அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம். அந்தத் தலைகளின் பலத்தில் எஜமானர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அதே கூடுதல். முதல் 36 வருஷத்தில் 32 வருஷம் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்களே ஜனாதிபதியாக இருந்தார்கள். விலங்கின் எடையைக் காட்டியே விலங்கை இறுக்கினார்கள். 1776க்கும் 1865க்கும் இடையில் அந்தப் பொண்ணு எண்ணிய 89 வருஷம் சும்மா ஓடிப்போனதல்ல. அந்தத் தாமதம் ஒரு சட்டப்பிரிவால் கட்டப்பட்டது. முடிவுக்கு வர ஓர் உள்நாட்டு யுத்தம் வேண்டியிருந்தது. அப்புறமும் ஓட்டு உண்மையில் கைக்கு வர 1965 ஆயிற்று.

நம் பூனா ஒப்பந்தத்தை இதோடு வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. 1932 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் நமக்குத் தனித்தொகுதி 71 இடம். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம். எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். இடம் 148 ஆக ஏறியது, மதராஸுக்கு 30. ஆனால் தேர்ந்தெடுப்பது எல்லாரும் சேர்ந்து. அங்கே தலையை எண்ணி ஓட்டை மறுத்தார்கள். இங்கே தலையையும் எண்ணி, ஓட்டையும் கொடுத்து, அந்த ஓட்டைப் பெரும்பான்மையின் ஓட்டுக்குள் கரைத்துவிட்டார்கள். சங்கராபுரத்துக்குப் பக்கத்திலேயே கள்ளக்குறிச்சி தனித்தொகுதி. யாருக்குக் கடமைப்பட்டவராக அந்த எம்.எல்.ஏ. இருக்க முடியும் என்று தேர்தல் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பிலடெல்பியாவில் எண்ணப்பட்டவர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை. டெல்லியில் இருந்தார்கள். 1946இல் அம்பேத்கர் பம்பாயிலிருந்து வரமுடியாதபோது வங்காளத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டல் முயற்சியில் வந்தார். பிறகு வரைவுக்குழுவின் தலைவரானார். மதராஸிலிருந்து தாட்சாயணி வேலாயுதன் இருந்தார், அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண். தனித்தொகுதி விஷயத்தில் அவர் அம்பேத்கரோடு உடன்படவில்லை. அதுவும் நம் வரலாறுதான். 1949 மே மாதம் ஆலோசனைக்குழுவில் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கு அது பத்து வருஷமாவது தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் வி.ஐ.முனுசாமி பிள்ளை. பழங்குடிகளின் சார்பில் ஜெய்பால் சிங், இந்த நாட்டில் ஜனநாயகத்தை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற பொருளில் பேசினார். 1951–52 தேர்தலில் அத்தனை பேருக்கும் ஒரே வீச்சில் ஓட்டு. என் ஆயாவுக்கும்.

ஆயாவிடம் சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன், சுதந்திரம் வந்த அன்னைக்கு நீ என்ன பண்ணினே என்று. "கேவுரு கொல்லையில களை வெட்னேன். ஆண்டை வூட்ல மிட்டாயி குடுத்தாங்க. துணியில வாங்கிக்கிட்டோம்" என்றது. கையில் கொடுக்க மாட்டார்கள். என் தாத்தா அந்த வீட்டில் படியாள். அவருடைய அப்பா வாங்கிய கடனுக்கு இவர். 1950 ஜனவரி 26 அன்றும் அவர் படியாள்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அந்தப் பொண்ணு கேட்டதை என் வீட்டில் கேட்டால் எங்கள் தேதி அது.

சங்கராபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அங்கேயும் தேதி 1976தான். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள், கேரளத்து மலையாளிகள் அல்ல. அவர்கள் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தார்கள். கம்பெனி போய், ராணி போய், 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்து, சமவெளியில் ஜமீன்கள் போயும், மலைக்கு எதுவும் ஏறவில்லை. 1976இல்தான் அரசாங்கம் அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஜாகிர் காலத்துல வூட்டுக்கு ஒரு ஆளு சும்மா வேலைக்குப் போவணும் தம்பி. கூலின்னு ஒண்ணு உண்டுன்னே எங்களுக்குத் தெரியாது." அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரத்தின் இருநூறாவது வருஷத்தை வாணவேடிக்கையோடு கொண்டாடினார்களே, அதே 1976. இங்கே நெருக்கடிநிலை. ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். நாடு முழுக்கப் பேச வாய் இல்லாத வருஷத்தில் மலைக்கும் என் தாத்தாவுக்கும் விடுதலை வந்தது. இதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. நெருக்கடிநிலையை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தாத்தாவிடம் போய், உனக்குக் கிடைத்தது கெட்ட கையால் கிடைத்தது என்று சொல்லவும் முடியாது. டன்மோரின் அறிவிப்பைக் கேட்டுவிட்டு ராத்திரியில் நடந்தவர்கள் அந்தக் கை யாருடையது என்று பார்த்துக்கொண்டா நின்றார்கள்?

காகிதத்தில் வந்த விடுதலை மலை ஏறி முடித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் நம் ஜனங்கள். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தது.

நம் தோழர்களில் சிலர் சொல்வது: உடைமைக்காரன் எழுதின சட்டம், அதைக் கொளுத்து. கொளுத்தியவர்கள் உண்டு. 1854 ஜூலை 4 அன்று வெள்ளை அடிமை எதிர்ப்பாளரான கேரிசன் அமெரிக்க அரசியல் சட்டத்தைக் கூட்டத்தில் கொளுத்தினார். 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் தொண்டர்கள் நம் சட்டத்தைக் கொளுத்திச் சிறை போனார்கள். அம்பேத்கரே 1953இல் மாநிலங்களவையில், இதைக் கொளுத்த நானே முதல் ஆளாக வருவேன் என்ற பொருளில் வெடித்தார். இன்னொரு பக்கம், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இருக்கிறார். முதலில் கேரிசன் கட்சி. 1851இல் மாறினார். இந்தச் சட்டத்தை நம் பக்கம் வளைத்துப் படிக்க முடியும், எஜமானுக்கு ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். நான் எந்தப் பக்கம்? மனு எழுதுகிறவன் எந்தப் பக்கம் இருக்க முடியும்?

மறுவாரம் வகுப்பில் அந்தப் பொண்ணுக்கு ஒரு கதை சொன்னேன். மாசசூசெட்ஸில் பெட் என்று ஒரு அடிமைப் பெண், எழுதப் படிக்கத் தெரியாது. எஜமானர் ஜான் ஆஷ்லி. அவர் வீட்டில்தான் 1773இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மனிதர்கள் எல்லாரும் சமம் என்று தீர்மானம் எழுதினார்கள். எஜமானியம்மா ஒருநாள் சூடான கரண்டியால் அடிக்க ஓங்க, இது குறுக்கே கை நீட்டியது. தழும்பு சாகும்வரை இருந்தது, அதை மூடவே இல்லையாம். 1780இல் அந்த மாகாணத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. எல்லாரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று அதில் இருப்பதைக் காதால் கேட்டது. நேரே தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போய், அந்தச் சட்டம் எனக்கும்தானே என்று கேட்டது. 1781இல் வழக்கு. கூடவே ப்ரோம் என்று இன்னொரு அடிமையும். ஜூரி, இவர்கள் அடிமை இல்லை என்றது. அப்புறம் அந்த அம்மா தன் பெயரை எலிசபெத் ஃப்ரீமன் என்று வைத்துக்கொண்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் பொண்ணு தட்டவில்லை. "கேசுக்கு எவ்ளோ செலவாச்சிண்ணா?" என்றது.

"செலவை ஆஷ்லி குடுக்கணும்னு தீர்ப்பு. அதோட முப்பது ஷில்லிங் நஷ்டஈடு."

"அப்பறம் எங்க போச்சி?"

"அந்த வக்கீல் வீட்டுக்கே வேலைக்குப் போச்சி."

"கூலிக்கா?"

"கூலிக்கு."

நோட்டைத் திறந்து 1781 என்று எழுதிக்கொண்டது.